அனைத்துலகத் தரநிலைக் குழுக்களை நடத்துவது யார்? ஓர் எளிய விளக்கம்

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் மசாலாத் தூள் விற்கும் நண்பர் ஒருவர், கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழைச் சுட்டிக்காட்டி, "ஜெனீவாவிலேர்ந்து ஐஎஸ்ஓகாரங்க ஆள் அனுப்பி, நம்ம மிளகாய்த்தூளைச் சோதிச்சுட்டுக் கொடுத்தது, அண்ணே" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அவருடைய பெருமை நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன. ஐஎஸ்ஓ எனப்படும் அனைத்துலகத் தரநிலை அமைப்பு யாருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. ஜெனீவாவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்தவர் இங்கே சிங்கப்பூரில் இயங்கும் சான்றளிப்பு நிறுவனம் ஒன்றின் தணிக்கையாளர். அவர் மிளகாய்த்தூளையும் சோதிக்கவில்லை. கொள்முதல், பதிவேடு, வாடிக்கையாளர் புகார் ஆகியவற்றை நண்பர் எப்படி நிர்வகிக்கிறார் என்பதைத்தான் பார்த்தார்.

இந்தக் குழப்பம் நண்பருக்கு மட்டும் உரியதன்று. 'அனைத்துலகத் தரம்' என்ற சொல் விளம்பரங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. அந்தத் தரத்தை எழுதுகிறவர்கள் யார், எழுதும் குழுவின் கடிதங்களை அனுப்புவது யார், வாக்குகளை எண்ணுவது யார் என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரிவதில்லை. எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய அலுவலகம், அதில் நூற்றுக்கணக்கான நிபுணர்கள் சம்பளத்துக்கு அமர்ந்து விதிகளை எழுதுகிறார்கள் என்ற படம்தான் நம் மனத்தில் இருக்கிறது. உண்மை அப்படியில்லை.

தரநிலை வேறு, சட்டம் வேறு, சான்றிதழ் வேறு

தரநிலை என்பது, ஒரு பொருளோ செயல்முறையோ எப்படி இருக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசி, உடன்பட்டு, எழுதி வெளியிடும் ஆவணம். மிக எளிய உதாரணம் ஏ4 தாள். 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம் என்ற அந்த அளவு 1922இல் ஜெர்மனியின் தேசியத் தரநிலையாகத் தொடங்கி, பின்னர் ஐஎஸ்ஓ 216 என்ற அனைத்துலகத் தரநிலையானது. புக்கிட் மேரா கடையில் வாங்கிய தாள் பெர்லினில் செய்த அச்சுப்பொறிக்குள் இடிக்காமல் நுழைவதற்கு அதுவே காரணம். ஆனால் அமெரிக்காவில் இன்றும் வேறு அளவுத் தாள்தான் புழக்கத்தில் இருக்கிறது. அதற்காக அமெரிக்காவுக்கு யாரும் அபராதம் விதிப்பதில்லை.

ஏனென்றால் அனைத்துலகத் தரநிலை தானாகச் சட்டமாவதில்லை. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று செவ்வகத் துளை மின்செருகியைப் பாருங்கள். அது பிரிட்டனின் 1947ஆம் ஆண்டுத் தரநிலையிலிருந்து வந்தது. உலகம் முழுவதற்கும் ஒரே செருகி வேண்டும் என்று கருதி, ஐஇசி எனப்படும் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1986இல் ஒரு தரநிலையை வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவும், சில மாற்றங்களோடு பிரேசிலும் அதை ஏற்றன. மற்ற நாடுகள் வணக்கம் சொல்லிவிட்டுத் தங்கள் பழைய செருகிகளோடு இருந்துவிட்டன. கோடிக்கணக்கான சுவர்களை உடைத்து மாற்றும் செலவை யார் ஏற்பது? சிங்கப்பூரில் விற்கும் செருகி குறிப்பிட்ட தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் அந்தச் சட்ட வலிமை சிங்கப்பூர் அரசாங்கம் கொடுத்தது, தரநிலைக் குழு கொடுத்ததன்று.

சான்றிதழ் மூன்றாவது ஒன்று. ஒரு நிறுவனம் தரநிலைப்படி நடக்கிறதா என்று பார்த்துச் சொல்வது சான்றளிப்பு நிறுவனத்தின் வேலை. அந்தச் சான்றளிப்பு நிறுவனம் தகுதியுள்ளதா என்று பார்ப்பது அங்கீகார அமைப்பின் வேலை. இங்கே அது சிங்கப்பூர் அங்கீகார மன்றம். தேர்வுக்கான பாடத்திட்டத்தை எழுதுபவர் ஒருவர், விடைத்தாளைத் திருத்துபவர் இன்னொருவர், திருத்துபவரைக் கண்காணிப்பவர் வேறொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை பாடத்திட்டத்தை எழுதுகிறவர்களைப் பற்றியது மட்டுமே.

இதுவரை பார்த்தது: தரநிலை என்பது உடன்பாட்டு ஆவணம், அரசு எடுத்தாளும்போதுதான் அது சட்டமாகிறது, சான்றிதழுக்கும் தரநிலைக் குழுவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

உபயக்காரரும் கோயிலும்

குழு எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நமக்குப் பழக்கமான ஓர் ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். நவராத்திரியின் மூன்றாம் நாள் உபயத்தை ஒரு குடும்பமோ ஒரு சங்கமோ ஏற்றுக்கொள்கிறது என்றால், அன்றைய பூ, பிரசாதம், மேளம் ஆகியவற்றின் செலவும் ஓட்டமும் அவர்களுடையவை. ஆனால் கோயில் அவர்களுடையதாகிவிடுவதில்லை. அபிஷேகம் எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவுசெய்ய முடியாது; அதற்கு ஆகமம் இருக்கிறது. அடுத்த ஆண்டு முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; வேறொருவர் எடுத்துக்கொள்வார். அதே சமயம், உபயக்காரருக்குச் சன்னிதிக்கு நேரே நிற்க ஓர் இடம் இயல்பாகவே அமைந்துவிடும் என்பதும் கோயிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

ஐஎஸ்ஓவும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. 1946இல் 25 நாடுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கூடி எடுத்த முடிவின்படி 1947இல் அது செயல்படத் தொடங்கியது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்களாக உள்ளன. ஒரு நாட்டுக்கு ஓர் அமைப்புதான் உறுப்பினராக முடியும். சிங்கப்பூரின் சார்பில் அந்த இடத்தில் இருப்பது எண்டர்பிரைஸ் சிங்கப்பூர். தரநிலைகளை எழுதும் வேலை தொழில்நுட்பக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. திருகாணிப் புரிகளுக்கான 1ஆம் எண் குழுவில் தொடங்கிய வரிசை இன்று 300ஐத் தாண்டிவிட்டது. பெரிய குழுக்களுக்குள் துணைக்குழுக்களும் உண்டு.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செயலகம் இருக்கும். செயலகம் என்பது அந்தக் குழுவின் நிர்வாக வேலை முழுவதையும் தன் செலவில் செய்துதர முன்வந்த ஒரு நாட்டின் தேசியத் தரநிலை அமைப்பு. இதுதான் உபயம். கப்பல் கொள்கலன்களுக்கான 104ஆம் குழுவின் உபயக்காரர் அமெரிக்காவின் தரநிலை அமைப்பு. நண்பரின் சுவரில் தொங்கும் 9001ஐ எழுதும் துணைக்குழுவின் செயலகத்தை நடத்துவது பிரிட்டனின் தரநிலை அமைப்பு. மிளகாய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் சேர்த்து ஒரு தரநிலை இருக்கிறது, அதன் எண் 972. அதைக் கவனிக்கும் மசாலாப் பொருள்களுக்கான துணைக்குழுவின் செயலகம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் இருக்கிறது. ஆக, ஒரே கடைக்குள் இருக்கும் இரண்டு தரநிலைகளில் ஒன்றின் கோப்புகள் லண்டனிலும் மற்றொன்றின் கோப்புகள் டில்லியிலும் பராமரிக்கப்படுகின்றன. ஜெனீவாவில் உள்ள மத்தியச் செயலகம் விதிமுறைகளைக் காக்கிறது, வாக்கெடுப்புக்கான கணினி முறையை நடத்துகிறது, இறுதி வடிவத்தைச் சரிபார்த்து வெளியிடுகிறது. கோயில் நிர்வாகம் அங்கே, உபயங்கள் உலகெங்கும்.

எந்தக் குழுவை எந்த நாடு நடத்துவது என்று தீர்மானிப்பது தொழில்நுட்ப மேலாண்மை வாரியம். ஐந்தாண்டுக்கு ஒரு முறை அந்த ஒதுக்கீடு மறுபார்வைக்கு வரும். கைவிட விரும்பும் நாடு 12 மாதங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். ஆகமத்தின் இடத்தில் இருப்பது 'இயக்கநெறிகள்' என்ற இரு பகுதிகளைக் கொண்ட விதித் தொகுப்பு. ஐஎஸ்ஓவுக்கும் ஐஇசிக்கும் அது பொதுவானது. முதல் பகுதி குழுவை எப்படி நடத்துவது என்றும், இரண்டாம் பகுதி தரநிலையின் வாசகத்தை எப்படி எழுதுவது என்றும் சொல்கிறது.

தலைவரும் குழு மேலாளரும்

செயலகத்தை ஏற்ற நாடு குழு மேலாளர் ஒருவரை நியமிக்கிறது. முன்பு இவரைச் செயலாளர் என்றே அழைத்தார்கள். தலைவர் ஒருவரையும் அது முன்மொழிகிறது. அவரை மேற்சொன்ன வாரியம் நியமிக்கிறது. தலைவர் அதிகபட்சம் ஒன்பது ஆண்டுகள் பதவியில் இருக்கலாம். பதவியில் இருக்கும்வரை அவர் தம் சொந்த நாட்டின் நிலைப்பாட்டை எடுத்துப் பேசக் கூடாது. நாட்டுக்காகப் பேச இன்னொருவர் அதே அறையில் வேறு நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தலைவர்தான் முக்கியமானவராகத் தெரிவார். நான் அப்படி நினைக்கவில்லை. நம் சமூக அமைப்புகளில் பொதுக்கூட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: மாலை தலைவருக்கு விழும், குறிப்பேடு செயலாளர் கையில் இருக்கும். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை அனுப்புவது, வரைவின் எந்தப் பதிப்பு நடப்பிலுள்ளது என்று கணக்கு வைப்பது, வந்த கருத்துகளைத் தொகுப்பது, வாக்கெடுப்பைத் தொடங்குவது, கூட்டம் கலைவதற்குள் தீர்மானங்களின் வாசகத்தைத் திரையில் காட்டி ஒப்புதல் பெறுவது ஆகிய எல்லாம் குழு மேலாளரின் கைவேலை. மூன்று மணிநேரம் வாதாடிய பிறகு என்ன முடிவானது என்பதற்குச் சாட்சி அவர் எழுதிய இரண்டு வரிகள்தாம். அவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, பெரும்பாலோர் இருக்கவும் செய்கிறார்கள். இருந்தாலும், எந்தப் பிரச்சினையைக் காலையில் வைப்பது, எதைச் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்க நேரத்துக்குத் தள்ளுவது என்ற சிறிய அதிகாரம் அவரிடம் இருக்கிறது. பெரிய தொழில் நாடுகள் செயலகச் செலவைச் சுமக்க முன்வருவதில் இதற்கும் பங்கு உண்டு.

மேசையைச் சுற்றி இருப்பவர்கள்

உறுப்பு நாடுகள் இரண்டு வகை. பங்கேற்கும் உறுப்பினர் வாக்களிக்கவும் வேலையில் கலந்துகொள்ளவும் கடமைப்பட்டவர். பார்வையாளர் உறுப்பினர் ஆவணங்களைப் பெறுவார், கருத்துச் சொல்லலாம். பங்கேற்கும் உறுப்பினர் தொடர்ந்து வாக்களிக்காமலும் கூட்டங்களுக்கு வராமலும் இருந்தால் பார்வையாளராக இறக்கப்படுவார். எந்த நாடானாலும் ஒரு வாக்குதான். சீனாவுக்கும் ஒன்று, சிங்கப்பூருக்கும் ஒன்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒருமுகமாகச் சிந்திக்கப் பழகிய ஐரோப்பாவில் 30க்கும் மேற்பட்ட நாடுகள் தனித்தனி வாக்குகளோடு இருக்கின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குழுக் கூட்டத்துக்குப் போகிறவர் நாட்டின் பேராளர். தம் நாட்டில் முடிவான நிலைப்பாட்டைத்தான் அவர் சொல்லலாம். ஆனால் குழுவுக்குக் கீழே, வரைவை உண்மையில் எழுதும் பணிக்குழுவில் அமர்பவர் நிபுணர். அவரை நாடு அனுப்பினாலும், அவர் தம் சொந்த அறிவின் அடிப்படையில் பேச வேண்டும். பணிக்குழுவில் வாக்கெடுப்பு கிடையாது. இந்த நிபுணர்களுக்கு ஐஎஸ்ஓ சம்பளம் தருவதில்லை; அவர்கள் வேலைபார்க்கும் நிறுவனமோ பல்கலைக்கழகமோ அரசுத் துறையோதான் நேரத்தையும் விமானக் கட்டணத்தையும் ஏற்கிறது. பெருநிறுவனங்களின் ஆட்கள் மேசையில் அதிகமாகவும், பயனீட்டாளர்களும் சிறு வணிகர்களும் குறைவாகவும் இருப்பதற்கு வேறு சதியைத் தேட வேண்டியதில்லை. விமானச்சீட்டின் விலை போதும்.

நாட்டின் நிலைப்பாடு எங்கே முடிவாகிறது? ஒவ்வொரு நாட்டிலும் அனைத்துலகக் குழுவுக்கு ஈடாக ஓர் உள்நாட்டுக் குழு இருக்கும். துறையில் இதை மிரர் கமிட்டி என்பார்கள். இணைக்குழு என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இத்தகைய குழுக்கள் சிங்கப்பூர்த் தரநிலை மன்றத்தின் குடையின்கீழ், தொண்டூழியர்களைக் கொண்டு இயங்குகின்றன.

சுருக்கமாகச் சொன்னால்: செயலகம் ஒரு நாட்டின் உபயம், தலைவர் நடுவர், பேராளர் நாட்டுக்காகப் பேசுகிறார், நிபுணர் தமக்காகப் பேசுகிறார், அடித்தளம் உள்நாட்டு இணைக்குழு.

ஒரு வரைவு நடந்து செல்லும் வழி

புதிய தரநிலை வேண்டும் என்று ஒரு நாடு முன்மொழிகிறது என்று கொள்வோம். வாக்களிக்கும் பங்கேற்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். அது மட்டும் போதாது. குழுவின் அளவைப் பொறுத்து நான்கு அல்லது ஐந்து நாடுகளாவது 'எங்கள் நிபுணரை அனுப்புகிறோம்' என்று பெயர் கொடுக்க வேண்டும். கை தூக்க எல்லாரும் வருவார்கள், பந்தலுக்குக் குழி தோண்ட யாரும் வரமாட்டார்கள் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த விதி இது. பிறகு பணிக்குழு வரைவை எழுதும். அது குழு வரைவாகிச் சுற்றுக்கு விடப்படும். அதன்பின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் 12 வார வாக்கெடுப்புக்குச் செல்லும். தேவைப்பட்டால் எட்டு வார இறுதி வாக்கெடுப்பு ஒன்றும் உண்டு. தொடக்கத்திலிருந்து வெளியீடுவரை பொதுவாக ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்றாண்டுவரை கெடு வைக்கப்படுகிறது.

இந்தப் பயணத்தின் உயிர்நாடி ஓர் எளிய அட்டவணை. கருத்துத் தெரிவிக்கும் நாடு தன் எண்ணத்தைக் கடிதமாக எழுத முடியாது. அட்டவணையின் கட்டங்களைத்தான் நிரப்ப வேண்டும். முதல் கட்டத்தில் நாட்டின் குறியீடு, அடுத்து வரைவின் வரி எண், பிரிவு எண், கருத்து பொதுவானதா, தொழில்நுட்பம் சார்ந்ததா, வெறும் சொல்திருத்தமா என்ற வகை, பின்னர் கருத்து, அதற்கடுத்து, நீங்கள் விரும்பும் மாற்று வாசகம். 'இந்தப் பகுதி சரியில்லை' என்று மட்டும் எழுதி மாற்று வாசகத்தைக் காலியாக விட்டால், அந்தக் கருத்து அநேகமாக அங்கேயே மடிந்துவிடும். கடைசிக் கட்டம் செயலகத்துக்கு உரியது: ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை, ஒரு பகுதி ஏற்கப்பட்டது, காரணம் இன்னது என்று ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதப்பட வேண்டும். பெரிய வரைவு ஒன்றுக்குச் சில நூறு வரிகள் வந்து சேர்வதுண்டு.

இந்த வரிகளில் கணிசமானவை ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியவை. இயக்கநெறிகளின் இரண்டாம் பகுதி, கட்டாயம், பரிந்துரை, அனுமதி ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் துணைவினைகளை ஆங்கிலத்தில் நிர்ணயித்திருக்கிறது. தமிழில் 'செய்ய வேண்டும்' என்று சொன்னால் அது கட்டளையா அறிவுரையா என்பதைச் சொல்பவரின் குரலை வைத்துத்தான் நாம் கண்டுபிடிக்கிறோம். தரநிலையில் குரல் கிடையாது. பரிந்துரைக்கான சொல்லைக் கட்டாயத்துக்கான சொல்லாக மாற்றினால், ஒரு தொழிற்சாலை புதிய இயந்திரம் வாங்க நேரலாம். அதனால்தான் அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பிற்பகல் முழுவதும் செலவாகிறது.

வாக்கு எண்ணும் முறையை எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். முக்கிய வாக்கெடுப்பில் இரண்டு நிபந்தனைகள்: பங்கேற்கும் உறுப்பினர்கள் அளித்த வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், எல்லா நாடுகளும் அளித்த மொத்த வாக்குகளில் எதிர்ப்பு நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பங்கேற்கும் நாடுகள் 20 வாக்களிக்கின்றன, 15 ஆதரவு, 5 எதிர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் நிபந்தனை எளிதாக நிறைவேறுகிறது. மற்ற நாடுகள் நான்கு வாக்களித்து, அவற்றில் ஒன்று எதிர்க்கிறது. மொத்தம் 24 வாக்குகளில் 6 எதிர்ப்பு. சரியாக நான்கில் ஒன்று, வரைவு தப்பித்தது. அந்த நான்கில் இன்னொன்றும் எதிர்த்திருந்தால் 7 ஆகி, வரைவு தோற்றிருக்கும். அதாவது குழுவில் பங்கேற்காத நாடும் ஒரு தரநிலையைத் தடுக்க முடியும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் எழுதாத எதிர்ப்பு வாக்கு கணக்கிலேயே சேராது. காரணத்தை அந்த அட்டவணையில்தான் எழுத வேண்டும்.

கருத்திணக்கம் என்பது எல்லாரும் ஆம் என்பதன்று

வாக்கெடுப்பைப் பற்றி இவ்வளவு சொன்னபிறகு, குழுக்கள் வாக்கினால் முடிவெடுப்பதை விரும்புவதில்லை என்றால் முரணாகத் தோன்றும். அடிப்படைக் கொள்கை கருத்திணக்கம். நாம் இதை 'ஒருமித்த கருத்து' என்று மொழிபெயர்த்து, எல்லாரும் ஆம் என்றாக வேண்டும் என்று பொருள்கொண்டுவிடுகிறோம். விதிகள் தரும் பொருள் வேறு: முக்கியமான விவகாரத்தில், சம்பந்தப்பட்ட முக்கியத் தரப்பு எதுவும் விடாப்பிடியாக எதிர்க்காத நிலைதான் கருத்திணக்கம். எல்லாருக்கும் பிடித்திருக்க வேண்டியதில்லை.

கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் பாசிப்பருப்பிலா சேமியாவிலா என்று பேசும்போது, சித்தப்பா "எனக்குச் சேமியா பிடிக்காது, ஆனா செய்யுங்க" என்றால் அது கருத்திணக்கம். "சேமியா வெச்சா நான் பந்தியிலே உட்காரமாட்டேன்" என்றால் அது விடாப்பிடியான எதிர்ப்பு. சமையல்காரரை அழைப்பதற்கு முன் அவரோடு பேசியாக வேண்டும். தலைவரின் திறமை, ஒரு நாடு இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்பதைக் கண்டுகொள்வதில்தான் இருக்கிறது.

துறைக்குத் துறை மாறும் நிர்வாகம்

எல்லாத் துறைகளிலும் இதே ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரச் சாதனங்களைக் கவனிக்கும் ஐஇசி, 1906இல் தொடங்கியது, ஐஎஸ்ஓவைவிட மூத்தது, நிர்வாகம் ஏறக்குறைய ஒரே அச்சு. 1865இல் தந்திக்காகத் தோன்றிய அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் உறுப்பு நாடுகளாக இருப்பவை அரசாங்கங்கள். உணவுத் தரங்களுக்கான கோடெக்ஸ் ஆணையத்திலும் அரசாங்கங்களே உறுப்பினர்கள். அங்கே ஒவ்வொரு குழுவையும் ஓர் அரசாங்கம் விருந்தோம்பும் நாடாக இருந்து நடத்துகிறது. மசாலாப் பொருள்களுக்கான கோடெக்ஸ் குழுவை நடத்துவதும் இந்தியாதான். இணைய நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப்பில் நாடும் இல்லை, வாக்கும் இல்லை. தனிமனிதர்கள் தங்கள் பெயரில் கலந்துகொள்கிறார்கள், ஆதரிப்பவர்கள் வாய்திறக்காமல் எழுப்பும் 'ம்ம்' என்ற ஒலியின் அளவைக் கேட்டுக்கூடத் தலைவர் இணக்கத்தைக் கணிக்கிறார்.

சில தரநிலைகளுக்கு வெளியீட்டோடு வேலை முடிவதில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு 1972 ஜூன் 23ஆம் தேதி எம்வி நிஹோன் என்ற கப்பல் வந்தபோது சிங்கப்பூரின் கொள்கலன் காலம் தொடங்கியது. கொள்கலனின் கதவில் நான்கு எழுத்துகளும் ஆறு எண்களும், கட்டத்துக்குள் ஓர் ஏழாவது எண்ணும் இருக்கும். அந்த ஏழாவது எண் சோதனை இலக்கம். முந்தைய பத்துக் குறிகளையும் குறிப்பிட்ட விதிப்படி கணக்கிட்டால் கிடைப்பது. ஒரு குறியைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது, கணினி மறுத்துவிடும். இந்த முறையை ஐஎஸ்ஓ 6346 வகுத்தது. ஆனால் எந்த நிறுவனத்துக்கு எந்த எழுத்துகள் என்று அன்றாடம் யாரோ பதிவுசெய்ய வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்பு பாரிஸில் உள்ள கொள்கலன் பதிவகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ் எழுத்துகளும் இப்படியொரு குழுவின் பராமரிப்பில்தான் இருக்கின்றன என்பது பலருக்கு வியப்பளிக்கும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் யுனிகோடு கூட்டமைப்பின் எழுத்துப் பட்டியலும் 10646 என்ற அனைத்துலகத் தரநிலையும் ஒன்றோடொன்று ஒத்துச் செல்கின்றன. பின்னதைக் கவனிப்பது ஐஎஸ்ஓவும் ஐஇசியும் 1987இல் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழுவின் ஒரு துணைக்குழு. அதன் செயலகம் ஜப்பானில். 1997இல் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் மாநாடும், 2000ஆம் ஆண்டு இங்கே கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பிறந்த, உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும், கணினித் தமிழுக்கு ஒரே குறியீடு வேண்டும் என்ற கவலையின் விளைவுகள். யுனிகோடு தமிழுக்கு இடத்தைச் சுருக்கிவிட்டது என்று இன்றும் மேடைகளில் ஆதங்கப்படுகிறார்கள். அந்த ஆதங்கத்தில் நியாயம் இருந்தாலும், ஒரு முறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்பது அங்கே உறுதியான விதி. ஆகவே மேடையில் பேசுவதால் மாறப்போவது எதுவுமில்லை. சேர்ப்பது முடியும், அதற்கு முறைப்படி எழுதிய முன்மொழிவும் சான்றுகளும் வேண்டும். முந்திரி, காணி, மா முதலிய பழைய பின்னங்களுக்கான குறிகள் உட்பட 51 தமிழ்க் குறிகள் 2019இல் அப்படித்தான் உள்ளே வந்தன.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு தரநிலை

சிறிய நாடு எல்லாக் குழுக்களிலும் உட்கார முடியாது. தேர்ந்தெடுத்துத்தான் உட்கார வேண்டும். சிங்கப்பூர் தேர்ந்தெடுத்தவற்றில் ஒன்று கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் தொழில். இத்துறையில் உலகின் மிகப் பெரிய துறைமுகம் இது. முன்பெல்லாம் எண்ணெய்ப் படகின் தொட்டிக்குள் அளவுநாடாவை இறக்கி, மட்டத்தைப் பார்த்து, வெப்பநிலைக்கு ஏற்பக் கணக்கிட்டு எவ்வளவு ஏற்றப்பட்டது என்று சொல்வார்கள். எண்ணெய்க்குள் காற்றைச் செலுத்தினால் நுரை பொங்கி மட்டம் உயரும். தே தாரிக் தேநீர்க் கோப்பையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: விளிம்புவரை நிறைந்திருக்கும், நுரை அடங்கினால் முக்கால்தான். தொழிலில் இதற்குக் காப்பிப் பெயர் வைத்து, கப்பச்சீனோ என்கிறார்கள்.

குழாய்க்குள் ஓடும் எண்ணெயின் நிறையையே அளக்கும் கருவி இதற்குத் தீர்வாக வந்தது. அதைக் கப்பலில் பொருத்துவது, சரிபார்ப்பது, முத்திரையிடுவது, பற்றுச்சீட்டில் எழுதுவது எப்படி என்று உள்ளூர்ப் பணிக்குழு ஒன்று 2015இல் தொழில்நுட்பக் குறிப்பு 48ஐ வெளியிட்டது. தொழில்நுட்பக் குறிப்பு என்பது இன்னும் தரநிலையாக முதிராத, பயன்படுத்திப் பார்ப்பதற்கான ஆவணம். 2017 ஜனவரி 1 முதல் கப்பல் எரியெண்ணெய் நிரப்புவதற்கு இந்த அளவி இங்கே கட்டாயமானது. 2019இல் சிங்கப்பூர்த் தரநிலை 648. 2021இல் ஐஎஸ்ஓ 22192. எண்ணெய்ப் படகின் மேல்தளத்தில் தொடங்கிய ஒரு சண்டை ஆறாண்டுகளில் அனைத்துலக ஆவணமாக முடிந்தது. அதுவும் நிரந்தரமன்று; வெளியான எந்தத் தரநிலையும் ஐந்தாண்டுக்குள் மறுபரிசீலனைக்கு வரவேண்டும். அப்படியே வைத்திருப்பதா, திருத்துவதா, விலக்கிக்கொள்வதா என்று நாடுகள் மறுபடியும் வாக்களிக்கும்.

மசாலாக் கடை நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னபோது, அவர் சான்றிதழைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டியதும் இல்லை. "அப்போ நம்ம கருத்தை அவங்க கேப்பாங்களா?" என்றுதான் கேட்டார். கேட்பார்கள். தேசியத் தரநிலை வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படுகின்றன. உலக வணிக அமைப்பின் நன்னடத்தை நெறிகளின்படி அதற்குக் குறைந்தது 60 நாள்கள் தரவேண்டும். கருத்தைத் தெரிவிக்க நண்பர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, என்ன பிழை என்று சொல்லி, அதற்கு மாற்றாக எந்த வாசகம் வேண்டும் என்பதையும் அவரே எழுதித் தரவேண்டும். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட வேண்டும். அது குழுவின் பதிலுக்கு உரியது.